மழைநீர்: சம்ப்புக்கா, கிணற்றுக்கா, போருக்கா? கூடவே குளியல் தண்ணீர் பற்றியும்

தெற்குமாடி எழுதியது:

வணக்கம். மடிப்பாக்கத்தில் தனி வீடு, தரைத்தளமும் முதல் மாடியும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மழைநீர் வேலையை ஒழுங்காக முடிக்க வேண்டும். விவரம் இதுதான்.

மொட்டை மாடி 1,000 சதுர அடி, தட்டோடு பதித்தது. நான்கு மூலையிலும் 4 அங்குல மழைநீர்க் குழாய். முன்பக்கக் குழாய் இரண்டும் வாசலில் இருக்கும் குழிக்குப் போகின்றன, பின்பக்கத்து இரண்டும் சும்மா தரையில் கொட்டுகின்றன. அந்தக் குழி வீடு கட்டும்போது அனுமதிக்காக எடுத்தது: 3 அடிக்கு 3 அடி, ஆழம் 4 அடி, உள்ளே ஜல்லியும் மணலும். தண்ணீர் இறங்குவதே இல்லை, அரை மணி நேர மழைக்கே நிரம்பி வழிகிறது.

பின்பக்கம் 5 அடி அகலத்தில் உறைக்கிணறு, ஆழம் 30 அடி. கோடையில் அடியில் 3 அடி தண்ணீர் நிற்கும். கிணறு தோண்டும்போது 14 அடி வரை களிமண், அதற்குக் கீழே சிதைந்த பாறை. போர் (ஆழ்துளைக் கிணறு) 150 அடி, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1,400. முன்பக்கம் 10,000 லிட்டர் சம்ப் (தரைக்கடித் தொட்டி), அதில் லாரித் தண்ணீர் இறக்குகிறோம்.

பிளம்பர் நான்கு குழாயையும் சேர்த்து நேராகப் போரில் விட்டுவிடலாம், ஒரே வருஷத்தில் உப்பு போய்விடும் என்கிறார். அப்படிச் செய்யலாமா? சம்ப்புக்கு எடுத்தால் அந்தத் தண்ணீரைக் குளிக்க, சமைக்கப் பயன்படுத்த முடியுமா? வீட்டில் நான்கு பேர், வாஷிங் மெஷின் டாப் லோட். குளியல், துவைத்த தண்ணீரையும் வீணாக்காமல் திருப்ப ஆசை. பின்பக்கம் தோட்டத்துக்கு 15 அடிக்கு 20 அடி இடம் உண்டு.

---

உறைக்கிணறு பதில்:

முதலில் போர் விஷயம். தயவுசெய்து விடாதீர்கள்.

150 அடி போர் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. அந்த வெடிப்புகள் பல இடங்களில் விரல் அகலம்கூட இருக்காது. மாடியிலிருந்து வரும் தூசியும் வண்டலும் அங்கே போய் உட்கார்ந்தால் திரும்ப எடுக்க வழியில்லை, போரின் ஊற்றே குறைந்துவிடும். இன்னொன்று, மண் வழியாக மெல்ல இறங்கும் தண்ணீரை மண்ணே வடிகட்டுகிறது. போரில் நேராக ஊற்றினால் காக்கை எச்சத்தில் இருக்கும் கிருமி எந்தத் தடையும் இல்லாமல் 150 அடிக்குப் போய்ச் சேரும், பக்கத்து வீட்டுப் போர்களுக்கும் பரவும். உப்பு ஒரு வருஷத்தில் போகும் என்பதும் வெறும் பேச்சுதான். உங்கள் பகுதியில் மேல்மண் நீரும் பாறை நீரும் பல இடங்களில் நேரடித் தொடர்பு இல்லாதவை. கிணற்றுத் தண்ணீரின் உப்பு இரண்டு மூன்று பருவங்களில் குறைவதைப் பார்க்கலாம். போரில் அதை எதிர்பார்த்துப் பணம் போட வேண்டாம்.

உங்களிடம் திறந்த கிணறு இருப்பது பெரிய சொத்து. 5 அடி அகலக் கிணற்றில் ஓர் அடி உயரத்துக்கு ஏறக்குறைய 550 லிட்டர் நிற்கும். கோடை முடிவில் 27 அடி காலி என்றால் கிட்டத்தட்ட 15,000 லிட்டர் கொள்ளும், அதுவும் பக்கத்து மண்ணுக்குக் கசியும் அளவைச் சேர்க்காமல். 14 அடிக்குக் கீழே சிதைந்த பாறை என்கிறீர்கள், அந்த மண்டலம் தண்ணீரை நன்றாக வாங்கும். களிமண்ணைத் தாண்டி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைக் கிணறு ஏற்கனவே செய்துவைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது: பின்பக்கக் குழாய் இரண்டையும் சேர்த்து, கிணற்றுக்கு முன்னால் 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் எதிரெதிர்ச் சுவரில், தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் இருக்கட்டும். கீழே இருக்கும் ஓர் அடியில் மண் தங்கும். வெளியேறும் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை. கிணற்றுக்கு இவ்வளவு போதும், மணல் வடிகட்டி வேண்டாம். பெருமழையில் மணல் அடைத்துக்கொண்டால் மொத்தமும் வெளியேதான் ஓடும்.

குழாயைக் கிணற்றின் விளிம்போடு நிறுத்திவிடாதீர்கள். 25 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அடிமண்ணைக் கலக்கி, உறைகளின் இடுக்கில் இருக்கும் மண்ணையும் அரித்து எடுக்கும், உறை சரிந்துவிடும். கோடை நீர்மட்டத்துக்கு ஓர் அடி மேல் வரை குழாயை இறக்கி, நுனியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து மெதுவாக விழும். 5 அடிக்கு ஒரு கிளாம்ப்பாவது உறையில் பிடித்திருக்க வேண்டும்.

கிணற்றைத் தூர் வாருவது வைகாசியில், தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போது. பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றில் ஆள் இறக்குவது ஆபத்து. உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கும், வாடையும் வராது, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். மூடியை முந்தின நாளே திறந்துவைத்து, ஊதுவிசிறியால் காற்றை இறக்கி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றுதான் இறக்க வேண்டும். பெட்ரோல், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகை சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும்.

வாசல் குழிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அந்தச் சட்டம் நல்லதைத்தான் செய்தது, ஆனால் மண்ணைப் பார்க்காமல் எல்லா இடத்திலும் இதே குழியை வெட்டிவைத்துவிட்டார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை மணலில் 4 அடிக் குழி அருமையாக வேலை செய்யும். உங்கள் களிமண்ணில் அது வெறும் தொட்டிதான். அதில் ஜல்லியும் மணலும் நிரப்பியதால் கொள்ளளவும் போயிற்று. 36 கன அடிக் குழியில் 1,000 லிட்டர் நிற்க வேண்டியது, நிரப்பிய பிறகு இடுக்குகளில் 400 லிட்டர்தான் நிற்கும்.

உள்ளே இருப்பதை முழுக்க அள்ளிவிட்டு, அதே இடத்தில் 3 அடி அகல உறை இறக்குங்கள். 16 முதல் 18 அடி ஆழம் போதும். களிமண்ணைத் தாண்டிச் சிதைந்த பாறையில் 2 அடியாவது போக வேண்டும், அதுதான் அளவுகோல். துளையுள்ள உறைகள் வாங்கி, இணைப்பில் சிமென்ட் பூசாமல் அடுக்க வேண்டும். அடியில் கான்கிரீட் வேண்டாம், அரை அடி 40 மிமீ ஜல்லி மட்டும். நடுவில் எதையும் நிரப்பாமல் காலியாக விடுங்கள். 16 அடி உறையில் 3,000 லிட்டருக்கு மேல் நிற்கும், நின்று மெல்ல இறங்கும். மேலே கனமான மூடி, ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் அளவுக்குத் திறப்பு. கட்டட அஸ்திவாரத்திலிருந்து 5 அடி தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் இருந்தால் 30 அடி, கிடைத்தால் 50 அடி.

---

லிட்டர்கணக்கு பதில்:

கிணற்றுக்கு முன்னவர் சொன்னதே என் கருத்தும். சம்ப்புக்கான கணக்கைப் போடுகிறேன், ஏனென்றால் லாரிக்குக் கொடுக்கும் பணம் அங்கேதான் மிச்சமாகும்.

1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மிமீ மழை விழுந்தால் 1 லிட்டர். தட்டோடு உறிஞ்சுவது, தெறிப்பது, முதல் மழையைத் தள்ளுவது எல்லாம் போக 80 சதவீதம் கைக்கு வரும். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மிமீ. ஆக, ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் இடி இடித்துப் பெய்கிறதே, அதையும் கணக்கில் எடுங்கள். வருஷ மழையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் அதிலேயே வருகிறது. லாரி விலை ஏறியிருக்கும் மாதங்கள் அவை, சம்ப்பும் காலியாக இருக்கும். அதனால் வேலையை ஐப்பசிக்குத் தள்ளாமல் ஆனிக்குள் முடித்தால் இரட்டை லாபம். இந்த வருஷம் முடியாவிட்டாலும் அடுத்த வருஷத்துக்கு மனதில் வையுங்கள்.

சம்ப்புக்கு முன்பக்கக் குழாய் இரண்டை மட்டும் எடுங்கள். நான்கையும் எடுக்க வேண்டாம் என்பதற்கு வடிகட்டிதான் காரணம். மணிக்கு 50 மிமீ வேகத்தில் மழை பெய்தால் முழு மாடியிலிருந்து மணிக்கு 4,650 லிட்டர் வரும். எல்லோரும் வைக்கும் 200 லிட்டர் டிரம் வடிகட்டியின் வாய் கால் சதுர மீட்டர்தான். அவ்வளவு தண்ணீர் அதன் மணலில் இறங்கவே இறங்காது, மேலே பொங்கி வழியும். வீட்டுக்காரர் வெறுத்துப்போய் மணலைக் குத்திக் கிளறுவார், அல்லது ஓட்டை போடுவார், அத்தோடு வடிகட்டியின் கதை முடிந்தது. பாதி மாடி என்றால் மணிக்கு 2,300 லிட்டர். 2 அடிக்கு 2 அடி வாயுள்ள தொட்டி அதைத் தாங்கும். பாதி மாடியிலிருந்தே வருஷத்துக்கு 50,000 லிட்டர் வருகிறது, 10,000 லிட்டர் சம்ப்புக்கு அது தாராளம்.

வடிகட்டித் தொட்டி: உள்ளளவு 2 அடிக்கு 2 அடி, ஆழம் 3 அடி, செங்கல் கட்டி உள்ளே பூச்சு. அடியில் 40 மிமீ ஜல்லி 6 அங்குலம். அதற்குள் சம்ப்புக்குப் போகும் குழாய், ஜல்லிக்குள் இருக்கும் பகுதியில் ரம்பத்தால் வரிவரியாகக் கீறல் போட்டது. அதன்மேல் 12 மிமீ ஜல்லி 4 அங்குலம். பிறகு நைலான் கொசுவலை இரண்டு மடிப்பு. அதன்மேல் 1 முதல் 2 மிமீ பருமணல் 12 அங்குலம். இதற்கு 4 கன அடி மணல் வேண்டும், ஏறக்குறைய 170 கிலோ. மணலுக்கு மேல் 14 அங்குலம் காலி. தொட்டியின் விளிம்புக்கு 5 அங்குலம் கீழே ஒரு 4 அங்குல வழிகுழாய் வைத்து, அதை வாசல் உறைக்கு விடுங்கள். மணல் தாங்காத மழையெல்லாம் தானாகவே உறைக்குப் போய்விடும், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வேண்டாம். அதில் மாவுபோல் தூள் இருக்கும், கழுவக் கழுவ வந்துகொண்டே இருக்கும். வடிகட்டிக்கென்று சலித்து விற்கும் மணல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஜல்லியையும் நன்றாகக் கழுவிய பிறகே கொட்ட வேண்டும். கிரஷர் தூளோடு கொட்டிவிட்டு, மழைநீர் சாம்பல் நிறமாக வருகிறதே என்று பயப்படுபவர்கள் நிறைய.

அடுத்தது முதல் மழை நீரைத் தள்ளும் அமைப்பு. ஒவ்வொரு குழாய்க்கும் மாடியில் 23 சதுர மீட்டர் பங்கு. முதல் 1 மிமீ மழை கழுவிக்கொண்டு வருவது 23 லிட்டர். 6 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 17 லிட்டருக்கு மேல் பிடிக்கும், ஆகவே நாலரை அடி உயரக் குழாய் போதும். 4 அங்குலத்திலேயே செய்தால் 9 அடி வேண்டும். இறங்கி வரும் குழாயில் டீ போட்டு, நேர் கீழே இந்தக் குழாய், பக்கவாட்டில் வடிகட்டிக்குப் போகும் குழாய். கீழ்க்குழாய் நிரம்பிய பிறகுதான் தண்ணீர் பக்கவாட்டில் திரும்பும். நுனியில் திருகு மூடி போட்டு, மூடியில் 3 மிமீ துளை. அதன் வழியே சொட்டிச் சொட்டி அடுத்த மழைக்குள் குழாய் காலியாகிவிட வேண்டும். துளை இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் உள்ளேயே கிடந்து நாறும், அடுத்த மழை அதன்மேல் வழுக்கிக்கொண்டு நேரே சம்ப்புக்குப் போய்விடும்.

சமைக்கலாமா என்றால், வடிகட்டி வந்த மழைநீரின் டிடிஎஸ் 50க்குள் இருக்கும், பருப்பு பஞ்சாக வேகும். குடிக்கக் கொதிக்க வைத்தோ யூவி (புற ஊதா ஒளி) கருவி வழியாகவோ எடுங்கள். இதை ஆர்ஓவில் விடுவதில் அர்த்தமே இல்லை. உப்பே இல்லாத தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க, வந்ததில் பாதிக்கு மேல் கழிவாகப் போகும்.

---

தெற்குமாடி எழுதியது:

மிக்க நன்றி. பின்பக்கம் கிணற்றுக்கு, முன்பக்கம் சம்ப்புக்கும் உறைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பயம். 2015லும் 2023 டிசம்பரிலும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. உறையும் சம்ப்பும் தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை கலந்து உள்ளே போகாதா?

---

குழாய்வேலை பதில்:

போகும் சார். உங்கள் பகுதியில் இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரில் கறை இருக்கும், அதிலிருந்து ஓர் அடி மேலே சம்ப், உறை, கிணறு மூன்றின் வாயும் இருக்க வேண்டும். சம்ப் வாயைச் சுற்றி கான்கிரீட் கழுத்து எழுப்பி, மேலே கவிழ்ந்து மூடும் மூடி போடுங்கள். உள்ளே பதியும் மூடி வெள்ளத்தில் எதையும் தடுக்காது. வடிகட்டித் தொட்டிக்கும் இதே விதிதான். மோட்டார் வயர் போகும் துளை, பழைய லாரிக் குழாய்த் துளை எல்லாவற்றையும் பூசி அடையுங்கள், வெள்ளம் அந்த இரண்டு அங்குல வழியைத்தான் தேடிக் கண்டுபிடிக்கும்.

வழிகுழாய் எங்கே போகிறது என்பதும் முக்கியம். கார்த்திகையில் உறை நிரம்பிய பிறகு தண்ணீர் வெளியேற வழி வேண்டும், அந்தக் குழாயைத் தெரு வடிகாலில் விடுவார்கள். வடிகால் நிரம்பினால் அதே குழாய் வழியாகச் சாக்கடை உங்கள் உறைக்கு ஏறி வரும். நுனியில் ஃபிளாப் வைத்த திரும்பாத வால்வு போடுங்கள். வருஷத்தில் ஒரு தடவை ஃபிளாப்பைத் திறந்து, இலை சிக்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். சம்ப் மூடி இறுக்கமாக இருந்தால் காற்று போக ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று நிற்க வேண்டும், முனை கீழ்நோக்கி வளைந்து, வலை கட்டியது. இல்லையென்றால் மழைநீர் முக்கி முக்கித்தான் இறங்கும்.

அப்படியும் உள்ளே போய்விட்டால் முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசல் விட்டு ஒரு நாள் வைத்து, மறுபடி இறைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

லிட்டர்கணக்கு சொன்னதில் இரண்டு திருத்தம். 3 மிமீ துளை அடிக்கடி அடைக்கும், தட்டோட்டிலிருந்து வரும் சுண்ணாம்புத் தூளே அதற்குப் போதும். நான் அந்த இடத்தில் அரை அங்குலக் குழாய் வால்வு போட்டு, நூல்போல் ஒழுகும் அளவுக்குத் திறந்து வைப்பேன். அடைத்தால் கையால் முழுக்கத் திறந்தால் போதும். இரண்டாவது, தரையில் படுக்கையாகப் போகும் குழாய்க்கு 8 அடிக்கு 1 அங்குலம் சாய்வு கட்டாயம். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் டோர் பெண்ட், அதாவது திறந்து குச்சி விடக்கூடியது. கான்கிரீட்டுக்குள் புதைத்த பிறகு அடைப்பு வந்தால் தரையைத்தான் உடைக்க வேண்டும்.

மாடியில் நான்கு குழாய் வாயிலும் குவிந்த ஜாலி (சல்லடை மூடி) போடுங்கள். தட்டை ஜாலியை ஒரே ஒரு வேப்பிலைக் கொத்து மூடிவிடும், மாடியில் தண்ணீர் தேங்கி உள்சுவர் ஊறும்.

---

கல்வாழை பதில்:

குளியல், துவைத்த தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன்.

வீட்டுத் தண்ணீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதில் குளியலுக்கு 55, துணிக்கு 20. உங்கள் நான்கு பேருக்கு இவை மட்டும் 300 லிட்டர். கழிப்பறைக்கு 30 வீதம் 120 லிட்டர் நல்ல தண்ணீர் போகிறது. முதலில் அந்த 120ஐ மாற்றுவதுதான் சுலபம், குழாய் வேலையே வேண்டாம். டாப் லோட் மெஷின் ஒரு துவைப்புக்கு 100 லிட்டருக்கு மேல் வெளியே தள்ளும். முதல் சோப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டு, அலசும் தண்ணீரை மட்டும் 200 லிட்டர் டிரம்மில் பிடியுங்கள். ஹோஸ் நுனியில் பழைய நைலான் சாக்ஸ் ஒன்றைக் கட்டினால் பஞ்சு, நூல் எல்லாம் அதில் தங்கிவிடும். அந்த டிரம்மிலிருந்து வாளியில் எடுத்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம், வாசல், கார் நிற்கும் இடம் கழுவலாம். ஃபிளஷ் டேங்க்குக்குள் மட்டும் ஊற்றாதீர்கள், ரப்பர் வாஷர் வழவழப்பாகி ஒழுகத் தொடங்கும்.

எந்தச் சோப்புத் தண்ணீரையும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயிலில் அழுக்கும் சோப்பும் புளித்து, மறுநாள் முட்டை அழுகிய வாடை வரும். பெரிய தொட்டி கட்டிச் சேமிக்கலாம் என்ற யோசனை வந்தால் உடனே விட்டுவிடுங்கள். சுத்தம் செய்யாத சோப்புத் தண்ணீரைச் சேமிக்கவே முடியாது, அன்றன்றைக்குப் பயன்படுத்த மட்டும்தான் முடியும்.

குளியல் தண்ணீருக்கு முதல் மாடிக் குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மோட்டார் இல்லாமலே தோட்டத்துக்கு இறங்கும். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் குளியல் வேஸ்ட் லைன் தனி, கழிப்பறை சாயில் லைன் தனி. வெளிச்சுவரில் வேஸ்ட் லைனில் ஒரு டீயும் இரண்டு பால் வால்வும் போடுங்கள், ஒன்று தோட்டத்துக்கு, இன்னொன்று பழையபடி சாக்கடைக்கு. மழைக்காலத்தில் மண் ஏற்கனவே ஊறியிருக்கும்போது சாக்கடைப் பக்கம் திருப்பிவிடலாம். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, அம்மை என்றாலும், குழந்தை துணி துவைத்தாலும் சாக்கடைப் பக்கம்தான்.

களிமண் என்பதால் வாழை நட்ட குழியில் தண்ணீரை விடுவது மட்டும் போதாது, 200 லிட்டரை தினமும் அது வாங்காது. கல்வாழைப் படுகை போடுங்கள். 3 அடி அகலம், 13 அடி நீளம், 2 அடி ஆழம், ஓர் ஆளுக்கு 10 சதுர அடி என்ற கணக்கில். அடியிலும் பக்கத்திலும் தடித்த தார்ப்பாலின் விரிக்கலாம், செங்கல் கட்டிப் பூசினால் இன்னும் நல்லது. இரண்டு முனையிலும் ஓர் அடி தூரத்துக்கு 40 மிமீ ஜல்லி, நடுவில் முழுக்க 12 முதல் 20 மிமீ ஜல்லி. மண் போடவே கூடாது, அடைத்துக்கொள்ளும். ஒன்றரை அடிக்கு ஒரு கல்வாழைக் கிழங்கு. தண்ணீர் உள்ளே வருவதற்கு முன் ஒரு சின்னப் பெட்டியில் முடி தங்கும் வலை, வாரம் ஒரு தடவை கையால் எடுத்துப் போட வேண்டும்.

வெளியேறும் முனையில்தான் சூட்சுமம். அடியிலிருந்து எடுக்கும் குழாயில் மேல்நோக்கி ஓர் எல்போ போட்டு, அதன் வாய் ஜல்லி மட்டத்துக்கு 3 அங்குலம் கீழே இருக்கும்படி வையுங்கள். படுகையில் தண்ணீர் எப்போதும் அந்த மட்டத்தில் நிற்கும், மேலே தெரியவே தெரியாது. கொசு முட்டையிட ஒரு சொட்டு இடம் கிடையாது. இந்த அளவில் ஜல்லி இடுக்குகளில் 700 லிட்டருக்கு மேல் நிற்பதால் ஒரு நாள் தண்ணீர் மூன்று நாள் உள்ளே இருந்து வெளியே வரும். வேரைச் சுற்றி வளரும் நுண்ணுயிர்கள் அதற்குள் அழுக்கைத் தின்றுவிடும். வெளியே வருவது ஏறக்குறைய தெளிந்திருக்கும். அதை வாழை, தென்னை, செம்பருத்திக்கு விடுங்கள். கீரை, முள்ளங்கி, பச்சையாகத் தின்னும் எதற்கும் வேண்டாம். மீதம் சாக்கடைக்குப் போக வழி வைத்தே ஆக வேண்டும். கிணற்றுப் பக்கம் விடக் கூடாது.

முதல் இரண்டு மாதம் லேசான வாடை இருக்கும், கிழங்கு வேர் பிடித்த பிறகு போய்விடும். அப்போதும் போகவில்லை என்றால் சமையலறைத் தண்ணீர் எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் ஜல்லியில் ஒட்டினால் படுகையே மூச்சுத் திணறும், சமையலறை லைனை இதில் சேர்க்கவே வேண்டாம்.

சோப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணை இறுக்கும். பவுடரைவிடத் திரவச் சோப்பில் அது பொதுவாகக் குறைவு. தண்ணீர் விடும் இடத்தில் மண் மேற்பரப்பு வெள்ளை பூத்து, காய்ந்ததும் ஓடுபோல் வெடித்தால் அதுதான் அறிகுறி. ஜிப்சம் தூவி, மழைநீர் கழுவிக்கொண்டு போகட்டும் என்று ஒரு பருவம் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

ஆர்ஓ கழிவு நீரையும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். 1,400 டிடிஎஸ் போர்த் தண்ணீரை ஆர்ஓவில் விட்டு 1 லிட்டர் குடிநீருக்கு 2 லிட்டர் கழிவு வந்தால், அந்தக் கழிவின் டிடிஎஸ் 2,000ஐத் தாண்டும். அது தரை துடைக்க, கழிப்பறைக்கு மட்டும். செடிக்கு விட்டால் இலை நுனி கருகத் தொடங்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அதற்கு நேர் எதிர், உப்பே இல்லை, தொட்டிச் செடிகளுக்கு நல்லது. ஆனால் அது உலோகச் சுருளில் ஓடி வருவதால் குடிக்கவோ இன்வெர்ட்டர் பேட்டரிக்கோ ஆகாது.

---

தெற்குமாடி எழுதியது:

கடைசியாக இரண்டு சந்தேகம். மாடிக்கு வெயில் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட் அடிக்க நினைத்திருந்தோம், சம்ப்புக்குப் பிரச்சினை வருமா? சம்ப்பில் பிளீச்சிங் எவ்வளவு போடுவது?

---

லிட்டர்கணக்கு பதில்:

பெயின்ட் அடித்தால் நன்கு காய்ந்து, இரண்டு மூன்று நல்ல மழை கழுவிப் போகும் வரை முன்பக்கக் குழாயைச் சம்ப்புக்குத் திருப்ப வேண்டாம். வெறும் சுண்ணாம்பு அடித்தால் வருஷா வருஷம் கரைந்து வந்து மணலை அடைக்கும், அதற்குப் பதில் குடிநீர் சேகரிப்புக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே குறிப்பிட்டிருக்கும் பூச்சைத் தேடி வாங்குங்கள்.

பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், சம்ப் நிறைந்திருந்தால் 40 கிராம். நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, கால் மணி நேரம் தெளிய விட்டு, மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைச் செடியில்லாத இடத்தில் கொட்டிவிடலாம். ஒரு மணி நேரம் கழித்து, குளோரின் சோதனைச் சொட்டு மருந்தில் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மீதி இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுக்கு அதிகம், பாதி அளவு மறுபடி போடுங்கள். பவுடர் பழையதாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் வாடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும், வருஷா வருஷம் புதிதாக வாங்குங்கள்.

சம்ப் உள்பூச்சைப் புதிதாகப் போட்டால் முதல் மழைநீர் கையில் வழவழவென்று இருக்கும். மழைநீரில் உப்பு இல்லாததால் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பை இழுத்துக்கொள்கிறது. இரண்டு தடவை நிரப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் வைத்து இறைத்துவிட்டால் சரியாகிவிடும்.

வடிகட்டி மணலின் மேல் ஓர் அங்குலத்தைப் புரட்டாசியில் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடுங்கள், நவம்பர் நடுவில் இன்னொரு முறை. மொத்த மணலையும் எடுத்துக் கழுவுவது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.